ஒரு மணி நேரம் கூப்பிடாதே

“ஜெனரேட்டரை நிறுத்துன்னு சொல்றேன்—”

“நிறுத்திட்டா எதை வச்சுக் கூப்பிடறது? உங்க—”

“கூப்பிட்டது போதும்! மத்தியானத்துலேருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு—”

“—உங்க தொண்டையை வச்சா?”

“என் தொண்டைக்கு ஒண்ணும் இல்ல. காதுதான் இன்னிக்கு வேலை செய்யல. எப்படிச் செய்யும்? பக்கத்துல உக்காந்து மாவு அரைக்குது உன் ஜெனரேட்டர்.”

“வயசாயிடுச்சு, கேக்கலன்னு ஒத்துக்கோங்களேன் லூக்கிச்.”

“ஒத்துக்கிட்டேன். எழுபத்தொண்ணு. இப்ப நிறுத்து.”

அய்பிகே நிறுத்தவில்லை. பொத்தானை அழுத்தினாள். படகின் அடியில் கயிற்றில் தொங்கிய கறுப்புக் குமிழ் தண்ணீருக்குள் ஒருமுறை கீச்சிட்டது. நான் மடியில் இருந்த குறிப்பேட்டில் எழுதினேன்: இரண்டு முப்பத்தொன்று. அழைப்பு. பதில் இல்லை.

முப்பத்தொரு வருடமாக இந்த ஏரியில் எழுதுகிறேன். முதலில் கடற்படைக்காரர்கள் டார்பிடோ சோதித்த காலத்தில் எழுதினேன். அவர்கள் போனபின் ஏரி ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதுகிறேன். யெஃபிம் லூக்கிச்சும் அப்படித்தான். அன்று டார்பிடோவின் சத்தத்தைக் கேட்டுச் சொன்ன அதே காதுகள்தான் இன்று நிலையத்தின் படகில் ஒலி கேட்கின்றன. படகை ஓட்டுவதும் அவர்தான். அய்பிகே எங்கள் இருவருக்கும் இளையவள், முப்பத்து மூன்று. அவளுக்கு நான் எஜே, அக்கா முறை. வயதைப் பார்த்தால் அம்மா முறைகூடச் சொல்லலாம்.

அன்று நாங்கள் தேடிக்கொண்டிருந்தது சபக்கை. எங்கள் ஏரியின் சின்ன மீன் ஒன்றின் பெயர் அது. அய்பிகே ஆறு வருடம் உழைத்துக் கட்டிய மஞ்சள் எந்திரத்துக்கு அந்தப் பெயரை வைத்திருந்தாள். ஆள் இல்லாமல் தானாக நீந்தும். ஏரியின் அடியை ஒட்டிப் போய் ஒலியால் தடவிப் பார்க்கும், விளக்குப் போட்டுப் படம் எடுக்கும். தண்ணீருக்குள் ரேடியோ போகாது, ஒலிதான் போகும். அதனால் அதனோடு பேச்செல்லாம் கீச்சுதான். படம் அனுப்ப முடியாது, நாலைந்து வார்த்தை அனுப்பலாம். ‘நலம்.’ ‘வேலை முடிந்தது.’ அவ்வளவு.

சபக் தேடப் போனது மெதெரை. அய்பிகேயின் தம்பி. பதினோரு நாளுக்கு முன் வலை போடப் போனவன் மேற்குக் காற்றில் படகோடு போய்விட்டான். மீட்புப் படையின் முக்குளிப்பவர்கள் நாற்பது மீட்டர் வரை இறங்கிப் பார்த்தார்கள். ஒன்பதாம் நாள் சாமானைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் ஏரியின் குளிரில் மூழ்கினவர்கள் மேலே வருவதில்லை. நிலையத் தலைவர் சபக்கை ஒரே ஒரு நாளுக்குக் கொடுத்தார். அதைப் போல இன்னொன்று நாட்டிலேயே கிடையாது.

காலை எட்டேகாலுக்கு இறக்கினோம். பத்து ஐம்பதுக்கு ‘நலம்’ என்றது. அதற்குப் பிறகு பேச்சில்லை. அதன் பேட்டரி நாலு மணி வரைதான்.

“நாலு மணிக்கு மேல என்ன ஆகும்?” என்று கேட்டேன். தெரிந்ததுதான். இருந்தாலும் கேட்டேன்.

“அடியில மாட்டின இரும்பு எடை கழண்டாத்தான் அது மேல மிதக்கும் எஜே. அந்தக் கொக்கி திறக்கக் கரண்ட் வேணும். கரண்ட் இல்லேன்னா திறக்காது. அங்கேயே கிடக்கும்.” மறுபடி பொத்தான். கீச். “அவனும் அங்கேயே கிடப்பான்.”

இரண்டு முப்பத்தாறு. அழைப்பு. பதில் இல்லை.

“நீ யாரையாவது கூப்பிட ஆரம்பிச்சா விடவே மாட்டியா?” என்றார் லூக்கிச். “என் பொண்டாட்டி என்னை ஒருநாளும் கூப்பிட மாட்டா. அதான் நாப்பது வருஷமா ஒழுங்கா வீட்டுக்குப் போறேன்.”

“உங்க பொண்டாட்டிக்கு நீங்க வராம இருந்தாலும் பரவாயில்லையா இருக்கும்.”

“அதுவும் இருக்கலாம்.”

அவள் சிரிக்கவில்லை. “அன்னைக்கும் விடாமத்தான் கூப்பிட்டேன். காத்து எழுந்ததும் மெதெருக்குப் போன் போட்டேன். நாப்பத்தொரு தடவை. மணி அடிச்சுது, எடுக்கல. அடிச்சுது, எடுக்கல. அப்புறம் ஆஃப்னு வந்துச்சு.” தொண்டையைச் செருமினாள். “கூப்பிடாம இருந்திருந்தா இன்னிக்கு என்னால தூங்க முடியுமா? சொல்லுங்க.”

லூக்கிச் தட்டில் இருந்த பொரித்த மாவுத் துண்டை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். அவள் தள்ளினாள். அவரே வாயில் போட்டுக்கொண்டார்.

கரையில் எங்கள் ஊர் தெரிந்தது. அய்பிகே வீட்டு வாசலில் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். இறந்தவரைக் கிடத்தத்தான் அந்தக் கூடாரம் போடுவது. பெண்கள் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாடுவார்கள், ஆண்கள் வெளியே கோலை ஊன்றிக்கொண்டு அழுவார்கள். பதினோரு நாளாகக் கூடாரம் நிற்கிறது, உள்ளே கிடத்த யாரும் இல்லை. அவள் அம்மா ஜிபர் அதற்குள் உட்கார்ந்தவள் வாயைத் திறக்கவில்லை. “ஆள் வராம எப்படிப் பாடுறது? வெறும் தரையைப் பாத்தா பாடுறது?” என்று முதல் நாள் சொன்னதுதான் கடைசி.

இரண்டு நாற்பத்தொன்று. அழைப்பு. பதில் இல்லை.

“குல்பரா,” என்றார் லூக்கிச் என்னிடம். “ஏட்டைப் படி. பதினொண்ணே முக்கால்லேருந்து. ரெண்டு அழைப்புக்கு நடுவுல எவ்வளவு நேரம் விட்டிருக்கா?”

“ஆறு நிமிஷம். நாலு. ஏழு. அஞ்சு. மூணு...”

“அதிகமா எவ்வளவு?”

விரலை வைத்துக்கொண்டு தேடினேன். “ஒன்பது. அவ வாந்தி எடுத்தப்ப.”

“ஒன்பது நிமிஷம்! ஜெனரேட்டர் ஓடிக்கிட்டே! சபக்கோட குரல் கொசு மாதிரி இருக்கும். இந்த இரைச்சல்ல எப்படிக் காதுல விழும்? ஒரு கால் மணி நேரம் வாயை மூடிட்டு என்னைக் கேக்க விடு.”

“கேக்க அங்க ஒண்ணும் இல்ல லூக்கிச்!” அவள் குரல் உடைந்தது. “அது மாட்டிக்கிச்சு. வலையில, பாறையில, எங்கயோ. இல்லேன்னா எப்பவோ தானா மேல வந்திருக்கும். அதான் விதி. நான்தான் எழுதினேன். ஒரு மணி நேரம் நம்ம குரல் கேக்கலேன்னா எடையைக் கழட்டிட்டு மேல வந்துடும். மூணு மணி நேரம் ஆச்சு. வரல. அப்ப மாட்டிக்கிச்சுன்னுதானே அர்த்தம்?”

“யார் குரல் கேக்கலேன்னா?”

“நம்ம.”

“நம்ம குரல் அதுக்குக் கேக்கலேன்னாவா? இல்ல, அது குரல் நமக்குக் கேக்கலேன்னாவா?”

“நம்ம குரல் அதுக்கு...”

அவள் நிறுத்திவிட்டாள்.

லூக்கிச் தண்ணீரின் ஒலி கேட்கும் காதுக்கருவியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டார். மெல்லச் சொன்னார்: “அது பேசுறது நமக்குக் கேக்கல. சரி. நாம பேசுறது அதுக்குக் கேக்கலன்னு உனக்கு யார் சொன்னது? உன் குமிழ் எருமை மாதிரிக் கத்துது பொண்ணே.”

படகின் விளிம்பைப் பிடிக்கப் போன அய்பிகேயின் கை விளிம்பைப் பிடிக்காமலே கீழே இறங்கியது. அவள் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ரத்தம் என்பதே இல்லை. நான் அந்த முகத்தை ஏற்கனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன், பதினோரு நாளுக்கு முன்.

“ஒவ்வொரு தடவையும்...” என்றாள்.

“ஒவ்வொரு தடவையும் என்ன?”

“நாம கூப்பிடுற ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு மணி நேரம் முதல்லேருந்து ஆரம்பிக்கும்.”

எனக்கு உடனே புரியவில்லை. “அப்ப ‘மேல வா’ன்னுதானே கூப்பிட்ட? கேட்டிருந்தா வந்திருக்குமே?”

“வராது எஜே. போன மாசம் உல்லாசப் படகுக்கு அடியில போய் முட்டிச்சே, ஞாபகம் இருக்கா? அதுல இருந்த கசாக் நாட்டு டூரிஸ்டுங்க கத்தினாங்களே. அதுக்கப்புறம் நான் மாத்தினேன். வேலை முடிஞ்சாலும் அடியிலேயே உக்காந்திருக்கும். ‘மேல வா’ன்னா உடனே வராது. ‘வரட்டுமா?’ன்னு திருப்பிக் கேக்கும். நாம ‘ஆமா’ன்னு சொல்லணும். அப்பதான் வரும்.”

“அது கேட்டிருக்குமா?”

“கேட்டுக்கிட்டே இருந்திருக்கும்.” இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சொன்னாள்: “மூணு மணி நேரமா ‘வரட்டுமா, வரட்டுமா’ன்னு கேட்டிருக்கும். நான் பதில் சொல்லாம மறுபடி மறுபடி கூப்பிட்டிருக்கேன். நான்தான் எஜே. நான்தான் அதைக் கீழேயே பிடிச்சு வச்சிருக்கேன்.”

பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ‘நலமா’ என்று கூப்பிட்டு வைப்பது எங்கள் எல்லாருக்கும் பழக்கம். டார்பிடோ காலத்திலிருந்து வந்தது. வேலை நல்லபடி நடக்கும்போது அந்த அழைப்பு வந்துகொண்டிருக்கும்வரை எந்திரம் நிம்மதியாக வேலை செய்யும். அதை நம்பித்தான் அவள் விதியை எழுதினாள். படகு பதறிக் கூப்பிடும் என்று அவள் நினைக்கவில்லை. நாங்களும் யாரும் நினைக்கவில்லை. அந்த விதி இந்த ஏட்டின் முதல் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது. காலையிலிருந்து அந்தப் பக்கத்தைப் புரட்டித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

“கடைசியா எப்பக் கூப்பிட்டோம்?” என்றார் லூக்கிச்.

“ரெண்டு நாப்பத்தொண்ணு.”

“அப்ப மூணு நாப்பத்தொண்ணு. பேட்டரி நாலு வரைக்கும். பத்தொன்பது நிமிஷம் மிச்சம்.” எழுந்தார். “போதும்.”

அய்பிகே போய் ஜெனரேட்டரை அணைத்தாள்.

அந்த அமைதி காதை அடித்தது. அலை படகின் வயிற்றில் தட்டுவது மட்டும் கேட்டது. லூக்கிச் குனிந்து பூட்ஸைக் கழற்றினார். நானும் கழற்றினேன். ஒலி கேட்கும்போது படகில் யாரும் செருப்புக் காலோடு நிற்கக் கூடாது. அது பழைய கட்டளை. அய்பிகே நின்றுகொண்டே இருந்தாள். நான் அவளை உட்காரவைத்து, குழந்தைக்குக் கழற்றுவது போலக் கழற்றிவிட்டேன். அவள் காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. தம்பியின் காலுறை. பெரிதாக இருந்தது.

லூக்கிச் பேட்டரியில் ஓடும் தன் சின்னக் கேட்கும் பெட்டியைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். மடிக்கணினியும் பேட்டரியில் ஓடியது. கீச்சு வந்தால் எழுத்தாக மாற்றிக் காட்டும்.

மூன்று மணி. தூரத்தில் ஏதோ படகின் இரைச்சல் மட்டும்.

மூன்று ஏழு. “படகு போயிடுச்சு,” என்றார் உதட்டசைவாக.

மூன்று பதினாலு. அவர் கை மேலே எழுந்தது. நாங்கள் மூச்சை நிறுத்தினோம். திரையில் ஒரு வரி வந்தது.

கண்டது 1. வேலை முடிந்தது. வரட்டுமா?

அய்பிகே அதை மூன்று தடவை படித்திருப்பாள். பிறகு தாவினாள். ஜெனரேட்டரின் கயிற்றைப் பிடித்துவிட்டாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“விடுங்க எஜே! கேக்குது! ‘ஆமா’ன்னு சொல்லணும். ஒரு வார்த்தை. ஒரே ஒரு—”

“சத்தம் போடாதே!” லூக்கிச் கிசுகிசுத்தார். அவ்வளவு கோபமாக யாரும் கிசுகிசுத்து நான் கேட்டதில்லை. “அதோட குரல் காலையில கேட்டதுல பாதிகூட இல்ல. பேட்டரி இறங்கிடுச்சு. நீ சொல்ற ‘ஆமா’ முழுசா கேட்டா நல்லது. பாதி கேட்டா? ‘படகு ஏதோ சொல்லுது’ன்னு மட்டும் புரிஞ்சா?”

அவள் கை இன்னும் கயிற்றில்தான் இருந்தது.

“நீதானே எழுதின. சொல்லு. பாதி கேட்டா என்ன பண்ணும்?”

“ஒரு மணி நேரம்,” என்றாள். “முதல்லேருந்து.”

“மூணு பதினஞ்சோட ஒரு மணி நேரம் கூட்டு.”

“நாலு பதினஞ்சு.”

“பேட்டரி?”

அவள் கயிற்றை விட்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். அப்படியே இருந்தாள்.

மூன்று இருபத்து நாலு. வரட்டுமா?

மூன்று முப்பத்து நாலு. வரட்டுமா? அந்தக் கீச்சை லூக்கிச் இப்போது காதுக்கருவியின் ஒரு பக்கத்தை எங்களுக்கும் கொடுத்துக் கேட்க வைத்தார். கொசுகூட இல்லை. தூரத்தில் யாரோ கண்ணாடியை விரலால் தேய்ப்பது போல இருந்தது. அய்பிகே ஒருமுறை கேட்டுவிட்டுக் கருவியைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் உதடு அசைந்தது. சத்தமில்லாமல் ‘ஆமா, ஆமா’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்று நாற்பத்தொன்று.

மூன்று நாற்பத்திரண்டு.

“எழுந்திருச்சு,” என்றார் லூக்கிச். “இரும்பு விழுந்த சத்தம். எடை கழண்டுடுச்சு.”

மூன்று நாற்பத்தாறுக்கு முந்நூறு மீட்டர் தள்ளி அலைக்கு நடுவே மஞ்சள் வால் தெரிந்தது. நாங்கள் யாரும் கத்தவில்லை, கை தட்டவில்லை. லூக்கிச் தொப்பியைக் கழற்றினார்.

இழுத்து ஏற்றினோம். அய்பிகே கம்பியைச் செருகிப் படங்களை இறக்கினாள். முதலில் சேறு. பிறகு சேறு. பிறகு ஒரு கோடு, படகின் விளிம்பு. அதற்கடுத்த படத்தில் அவள் திரையை என் பக்கம் திருப்பிவிட்டாள்.

“நீங்க பாத்துச் சொல்லுங்க எஜே. அவன்தானா.”

அவன்தான். ஆழத்தின் குளிர் அவனை அப்படியே வைத்திருந்தது, படகை ஒட்டி மல்லாந்து படுத்தவன் போல. மீன்காரப் பையன்கள் எல்லாரையும் போல போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். ஒரு கை அந்தப் பையை நெஞ்சோடு பிடித்திருந்தது.

“அவன்தான்,” என்றேன்.

“மணி என்ன போட்டிருக்கு?”

படத்தின் மூலையில் இருந்தது. “பதினொண்ணு இருபத்திரண்டு.”

“பதினொண்ணு இருபத்திரண்டுக்கே கண்டுடுச்சு,” என்றாள்.

கரைக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. லூக்கிச் படகிலிருந்து நிலையத்துக்குப் பேசியதில் செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. கூடாரத்துக்கு வெளியே ஆண்கள் கோலை எடுத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். யாரோ லூக்கிச்சுக்கும் ஒரு கோலைக் கொடுத்தார்கள். அவர் எங்கள் முறைக்காரர் இல்லை. இருந்தாலும் வாங்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

நானும் அய்பிகேயும் உள்ளே போனோம். பெண்கள் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஜிபர் நடுவில்.

“கிடைச்சானா?” என்றாள். பதினோரு நாளைக்குப் பிறகு அந்தக் குரல் துருப்பிடித்த கதவு போல வந்தது.

“கிடைச்சான்மா. நூத்தறுபத்தெட்டு மீட்டர். இடம் குறிச்சாச்சு. நாளைக்குக் கயிறு இறக்கித் தூக்குறாங்க. குளிப்பாட்டலாம். நம்ம கையால குளிப்பாட்டலாம்.”

ஜிபர் தலையை ஆட்டினாள். அழவில்லை. “காலையிலயே கண்டுடுச்சுன்னு வெளியே பேசிக்கிறாங்க. ஏன் இவ்வளவு நேரம்?”

நான் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். அய்பிகே மழுப்பவில்லை. அம்மாவுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். “எங்களுக்குப் பதில் கேக்கலம்மா. அதனால விடாம கூப்பிட்டோம். நாங்க கூப்பிடக் கூப்பிட அது அங்கேயே இருந்துச்சு. பேட்டரி தீர்ந்துக்கிட்டே வந்துச்சு. நாங்க சும்மா இருந்திருந்தா அது எப்பவோ தானா வந்திருக்கும்.”

“கூப்பிடாம இருந்திருந்தா?”

“கூப்பிடாம இருந்திருந்தா.”

பெண்கள் சுவர்ப் பக்கம் திரும்பத் தொடங்கினார்கள். மூத்தவள் ஒருத்தி மூச்சை இழுத்தாள், ஒப்பாரியின் முதல் அடிக்கு. ஜிபர் கையை உயர்த்தி நிறுத்தினாள். அவள் பார்வை மகள் முகத்தில் இல்லை, அவள் காலில் இருந்த பெரிய காலுறையில் இருந்தது.

“புறப்படும்போது வாசல்ல நின்னு சொன்னான். ‘போன்ல சார்ஜ் ஒரு கோடுதாம்மா இருக்கு. காத்து எழுந்தா நானே மீட்புக்காரங்களைக் கூப்பிட்டுக்கறேன். அக்காகிட்டச் சொல்லு, போன் போட வேண்டாம்னு.’ நான் மாட்டுக்கிட்டப் போயிட்டேன். பால் கறந்தேன். மறந்துட்டேன்.”

அய்பிகே அசையவில்லை. ஏடு என் கையில்தான் இருந்தது. அதில் மெதெருக்குப் போட்ட அழைப்புகள் இல்லை. ஆனால் எண்ணிக்கை எனக்குத் தெரியும். லூக்கிச்சுக்கும் தெரியும். வெளியே கோல்கள் தரையில் உரசுவது கேட்டது.

“அன்னைக்கு,” என்றாள் ஜிபர், “நீ அவனை எத்தனை தடவை கூப்பிட்ட, அய்பிகே?”